தையல் மெஷினும் கணினித் திரையும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: திருகோணமலையில் உயர் டிப்ளோமா மட்டத்தில் இயந்திரப் பொறியியல் படிப்பிக்கத் தொடங்கியிருக்கும் ஓர் இளம் விரிவுரையாளர் கேட்கிறார். ஆய்வுகூடத்தில் இயந்திரங்கள் குறைவு, ஆனால் கணினிகள் 20 இருக்கின்றன. பொறிமுறைத் தொகுதிகளைச் சிமுலேஷன் மென்பொருள் கொண்டு படிப்பிக்கலாமா? எந்த மென்பொருள் நல்லது? ஆய்வுகூடம் இல்லாத குறையை அது தீர்க்குமா?

தங்கச்சி, படிப்பிக்கலாம். ஆனால் உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், மற்ற இரண்டும் அதில்தான் தங்கியிருக்கின்றன. ஆய்வுகூடக் குறையை அது தனியே தீர்க்காது. பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் உண்மையான பொருள் இருக்க வேண்டும். ஓர் அடிமட்டமாக இருந்தாலும் போதும். அந்தப் பொருள் என்ன செய்யும் என்று பிள்ளை முதலில் தன் கையால் எழுதி வைக்க வேண்டும். அப்புறம் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் பொருளை அளக்க வேண்டும். மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் படிப்பு நடக்கிறது. திரையில் சுழலும் அழகான படத்தை மட்டும் காட்டினால் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்ததுபோலப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் காட்டினேன். தவணைப் பரீட்சையில் அதன் பலன் தெரிந்தது.

இது எனக்கு உறைத்தது 2022 இல். மின்வெட்டுக் காலம். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். கணினி அறை பூட்டிக் கிடந்தது. நான்கு சட்ட இணைப்பு, அதாவது நான்கு உறுப்புகளை மூட்டுகளால் பூட்டிய பொறிமுறை, படிப்பிக்க வேண்டிய வாரம். வேறு வழியில்லாமல் உப்புவெளியில் எங்கள் வீட்டில் அம்மா தைத்த பழைய கால் மெஷினை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போய் வகுப்பின் நடுவில் வைத்தேன். மிதிபலகை, மேலே போகும் கம்பி, பெரிய சக்கரத்தில் உள்ள குணவளையம் (கிராங்க்), இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டகம். நான்கு உறுப்புகளும் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. பாடப் புத்தகத்தில் நான்கு கோடுகளாக வரைந்திருப்பது இதைத்தான் என்று சொன்னபோது, வகுப்பில் பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. அவர்களுடைய வீடுகளிலும் அதே மெஷின் நிற்கிறது.

எல்லோரையும் வந்து அளக்கச் சொன்னேன். குணவளையம் 3.5 சென்ரிமீற்றர், கம்பி 33, மிதிபலகையின் அச்சிலிருந்து கம்பி பூட்டிய ஆணிவரை 12, இரண்டு நிலையான அச்சுகளுக்கும் இடையில் 34. மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டினால் 37.5. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை 45. முதலாவது குறைவு, மிகச் சிறிய உறுப்பு குணவளையம். ஆகவே கிராஷொவ் விதிப்படி குணவளையம் முழுச் சுற்றுச் சுற்றும், மிதிபலகை ஆடும். அவ்வளவையும் பிள்ளைகளே சொன்னார்கள். மிதிபலகை எத்தனை பாகை ஆடும் என்று கேட்டேன். கொசைன் விதியைப் போட்டு 34 பாகை என்று கண்டார்கள். ஒரு பெடியன் போனில் சாய்வு அளக்கும் செயலியைத் திறந்து மிதிபலகையில் வைத்துப் பார்த்தான், ஒரு பாகை அப்படி இப்படி இருந்தாலும் சரியாகவே வந்தது. அன்று அந்த அறையில் மின்சாரம் இல்லை என்ற நினைப்பே எவருக்கும் இருக்கவில்லை.

மின்சாரம் வந்த பிறகு அதே அளவுகளை ஜியோஜீப்ரா என்ற கேத்திரகணித மென்பொருளில் போட்டோம். குணவளையத்தின் கோணத்தை ஓட்டினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லா மென்பொருளிலும், எல்லா விளக்க வீடியோக்களிலும் இப்படித்தான் ஓட்டிக் காட்டுவார்கள். நான் மிதிபலகையின் கோணத்தை ஓட்டச் சொன்னேன், ஏனென்றால் வீட்டில் அம்மாவின் கால் ஓட்டுவது மிதிபலகையைத்தானே? ஆட்டத்தின் ஓர் அந்தத்துக்கு வந்ததும் குணவளையமும் கம்பியும் சேரும் புள்ளி திரையிலிருந்து காணாமல் போனது. சில கணினிகளில் சட்டென்று மற்றப் பக்கத்துக்குப் பாய்ந்தது. மென்பொருள் பழுது என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

பழுதில்லை. குணவளையமும் கம்பியும் ஒரே நேர்கோட்டில் வரும் அந்த இரண்டு இடங்களிலும் மிதிபலகையால் குணவளையத்தைத் திருப்ப முடியாது. விசை அச்சினூடாகவே போகிறது, முறுக்கம் பூச்சியம். அந்த இடத்திலிருந்து குணவளையம் எந்தப் பக்கமும் போகலாம், எந்தப் பக்கம் என்று கேத்திரகணிதம் மட்டும் சொல்லாது. மென்பொருள் தடுமாறியது அதனால்தான். இப்போது மெஷினுக்குத் திரும்பிப் போய், சக்கரத்தை அந்த நிலையில் நிறுத்திவிட்டு மிதிக்கச் சொன்னேன். அசையவில்லை. ஒரு மாணவி சொன்னாள்: "அதுதான் சேர், அம்மம்மா முதலில் கையால சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப்போட்டுத்தான் மிதிப்பா. இல்லாட்டிப் பின்பக்கமாச் சுத்தி நூல் அறுந்துபோகும்." அம்மம்மா இத்தனை வருடமாகக் கையால் தீர்த்துவந்த பிரச்சினையும் மென்பொருள் திரையில் தடுமாறிய பிரச்சினையும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கிய கணத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது முழுவதும் அதற்குள் இருக்கிறது.

அங்கிருந்து அடுத்த பாடம் தானாக வந்தது. அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இடத்தை மெஷின் எப்படித் தாண்டுகிறது? சக்கரத்தின் சடத்துவம். விளிம்பில் 3 கிலோகிராம், ஆரை 15 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவு, ஏறத்தாழ 0.0675 கிலோகிராம் சதுர மீற்றர். நிமிடத்துக்கு 100 சுற்றில் அதில் இருக்கும் இயக்க சக்தி 3.7 யூல்தான். ஒரு கிலோகிராம் சீனிப் பையை முழங்கால் உயரத்திலிருந்து விட்டால் கிடைக்கும் சக்தியைவிடக் குறைவு. ஆனாலும் உராய்வு குறைவென்பதால் அது போதும். இதை விசைகளையும் கணக்கெடுக்கும் மென்பொருளில், ஓப்பன்மொடலிக்காவில், கட்டினோம். மிதிபலகைக்கு முறுக்கத்தைக் கொடுத்துவிட்டு, சக்கரத்தின் சடத்துவத் திருப்பத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். ஓர் அளவுக்குக் கீழே போனதும் மெஷின் அரைச் சுற்றுப் போய்த் திரும்பி வந்தது, பின்பக்கமாகச் சுற்றியது, நின்றது. உண்மையான மெஷினில் சக்கரத்தைக் கழற்றி ஒவ்வொரு கிலோவாகச் சீவிப் பார்க்க முடியாது. சிமுலேஷன் இங்கேதான் தன் சம்பளத்தை உழைக்கிறது: கையால் மாற்ற முடியாததை மாற்றிப் பார்க்க. அதைக் காட்டும்போது உண்மையான மெஷின் பக்கத்தில் நின்றதால், மாற்றுவது எதை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சரி, தையல் மெஷின் இல்லாத வாரங்களுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த மலிவான பாடம் உருக்கு அடிமட்டம். 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தில் 25 சென்ரிமீற்றர் வெளியே நீட்டியிருக்கும்படி மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டி, நுனியில் 100 கிராம் தொங்கவிடுங்கள். அகலம் 25 மில்லிமீற்றர், தடிப்பு 1 மில்லிமீற்றர், யங்கின் மட்டு (உருக்கின் விறைப்பின் அளவு) சதுர மில்லிமீற்றருக்கு 2 இலட்சம் நியூட்டன் என்று எடுத்தால், ஒரு முனை நிலைப்படுத்திய வளைக்கான (பீமுக்கான) சூத்திரப்படி நுனி 12.3 மில்லிமீற்றர் தாழ வேண்டும். பிள்ளைகள் இதைக் கொப்பியில் போட்டுக் கண்டுபிடித்த பிறகுதான் ஃப்ரீகாட் என்ற வரைதல் மென்பொருளைத் திறக்க விட வேண்டும்.

திறந்து, அடிமட்டத்தை வரைந்து, சிறு நான்முகித் துண்டுகளாகப் பிரித்து, அதனுடன் சேர்ந்து ஓடும் கல்குலிக்ஸ் என்ற கணிப்பு மென்பொருளைக் கொண்டு தீர்க்கச் சொன்னால், அவர்கள் எடுத்த துண்டு முதல்படித் துண்டாகவும் (மூலைகளில் மட்டும் கணுப் புள்ளிகள் உள்ளது) தடிப்பின் குறுக்கே ஒன்றே ஒன்றாகவும் இருந்தால், விடை 12.3 க்குக் கிட்டவும் வராது. பாதிக்கும் குறைவாகக்கூட வரும். அந்த வகைத் துண்டு வளைய மறுக்கும், உண்மையான உருக்கைவிட விறைப்பாக நடந்துகொள்ளும். விளிம்புகளின் நடுவிலும் கணுப் புள்ளி உள்ள இரண்டாம்படித் துண்டுக்கு மாற்றினால் விடை 12.3 க்கு வந்து நிற்கும். திரையில் வரும் நிறப்படம் இரண்டு தடவையும் ஒரேமாதிரி அழகாகத்தான் இருக்கும். நீலம், பச்சை, சிவப்பு, எல்லாம் அதே இடத்தில். கையால் போட்ட 12.3 கொப்பியில் இருந்திருக்காவிட்டால் முதல் விடையைச் சரியென்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

இனி உண்மையான அடிமட்டம். ஒரு விடயம் கவனியுங்கள்: அடிமட்டத்தின் சொந்த நிறையே நுனியை 2 மில்லிமீற்றருக்கு மேல் தாழ்த்தும், அதனால் சுமையைத் தொங்கவிட முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலான குழுக்களுக்கு 15, 16, 17 என்று வந்தது. ஏன்? வேர்னியரால் தடிப்பை அளந்தபோது சில அடிமட்டங்கள் 0.9 மில்லிமீற்றர்தான். தடிப்பு மும்மடியாகச் சூத்திரத்தில் வருகிறது, ஆகவே பத்து வீதம் மெலிந்தால் தாழ்வு 37 வீதம் கூடும், 12.3 என்பது 16.8 ஆகும். தடிப்புச் சரியாக 1 மில்லிமீற்றராக இருந்தவர்களுக்கும் 14 வந்தது. மேசை விளிம்பில் பூட்டிய பிடி கொஞ்சம் இடம் கொடுக்கிறது. மென்பொருளில் "நிலையானது" என்று ஒரு சொடுக்கில் வைத்த அந்த முனை, உலகில் அவ்வளவு நிலையாக இல்லை. எல்லை நிபந்தனை, அதாவது பொருளின் விளிம்பு எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது, என்ற சொல்லை ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தாலும் புரியாதது இந்தப் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கும்போது புரிந்துவிடும்.

இப்படி நிறப்படத்தை நம்பி, தடிப்பைக் குறைத்து, பெரிய விலை கொடுத்த நிகழ்வு ஒன்று உண்டு. துறைமுகப் பட்டினத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் கூர்ந்து கேட்பார்கள். 1991 ஓகஸ்ட் 23 அன்று நோர்வேயில், ஸ்ராவங்கருக்கு அருகே உள்ள கடல்நீரேரியில், ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கொங்கிறீற்று அடித்தளத்தை நீர் நிரப்பி மெதுவாகத் தாழ்த்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவர் வெடித்தது, நீர் உள்ளே பாய்ந்தது, முழு அமைப்பும் அடியில் மோதி நொறுங்கியது. இழப்பு ஏறத்தாழ 70 கோடி டொலர். விசாரணையில் தெரிந்தது இதுதான்: வடிவமைப்புக்குப் பயன்படுத்திய முடிவுறு மூலகக் கணிப்பில் (அடிமட்டத்துக்குச் செய்ததுபோலத் துண்டுகளாகப் பிரித்துச் செய்யும் கணிப்பு), சுவர்கள் சந்திக்கும் மூலையில் துண்டுகள் போதிய நுணுக்கமாக இருக்கவில்லை. அங்கே வெட்டுத் தகைப்பு (சுவரைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் தகைப்பு) 47 வீதம் குறைவாகக் கணிக்கப்பட்டது. அதனால் அந்தச் சுவர் மெல்லியதாகவும் போதிய கம்பியில்லாமலும் போனது. விபத்துக்குப் பிறகு கவனமாகச் செய்த கணிப்பு 62 மீற்றர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீற்றரில். அவர்கள் பயன்படுத்திய நாஸ்ட்ரான் நாசாவுக்காக எழுதப்பட்டு உலகெங்கும் நம்பப்பட்ட மென்பொருள். குறை அதைப் பயன்படுத்திய விதத்தில் இருந்தது. அடிமட்டப் பாடம் முடிந்த அதே நாளில் இதைச் சொல்லுங்கள். தாங்கள் காலையில் செய்த பிழைக்கும் அதற்கும் உள்ள உறவைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது, நான் யாரையும் தாண்ட விடாத ஒரு படி. எந்தப் பெரிய மென்பொருளையும் தொட முன்னர், ஒரு சிமுலேஷனைப் பிள்ளை தன் கையால் விரிதாளில் கட்ட வேண்டும். திணிவு 1 கிலோகிராம், வில் மாறிலி மீற்றருக்கு 100 நியூட்டன், 10 சென்ரிமீற்றர் இழுத்து விடுகிறோம். உராய்வு இல்லை. நேர இடைவெளி 0.01 செக்கன். ஒவ்வொரு வரியிலும் பழைய இடத்தையும் பழைய வேகத்தையும் கொண்டு புது இடத்தையும் புது வேகத்தையும் கணிக்க வேண்டும். நூறு வரி இழுத்தால் ஒரு செக்கன். வரைபை வரைந்து பார்த்தால் 10 சென்ரிமீற்றரில் தொடங்கிய அலைவு ஒரு செக்கன் முடிவில் 16 சென்ரிமீற்றர் வீச்சத்துக்கு வளர்ந்திருக்கும். 0.5 யூல் சக்தி 1.35 யூலாகியிருக்கும். எவரும் தள்ளவில்லை, எங்கிருந்து வந்தது சக்தி?

இதைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். சிலர் சூத்திரத்தைப் பிழையாக எழுதிவிட்டோம் என்று தேடுவார்கள். சிலர் இடைவெளியை 0.001 ஆக்கிப் பார்ப்பார்கள். அப்போது வளர்ச்சி செக்கனுக்கு 5 வீதமாகக் குறையும், ஆனால் போகாது. பிறகு ஒரேயொரு மாற்றம் செய்யச் சொல்வேன்: முதலில் புது வேகத்தைக் கணியுங்கள், புது இடத்தைக் கணிக்கப் பழைய வேகத்துக்குப் பதிலாக அந்தப் புது வேகத்தை எடுங்கள். இடைவெளி பழையபடி 0.01. சக்தி 0.5 யூலைச் சுற்றிச் சற்று ஏறியிறங்கிக்கொண்டு நிற்கும், வளராது. ஒரு பெட்டியில் ஒரு குறிப்பை மாற்றியதால் இல்லாத சக்தி உண்டாவது நின்றது. இதைச் செய்த பிள்ளை எந்த மென்பொருளைத் திறந்தாலும் "இது எந்த முறையில் தீர்க்கிறது, இடைவெளி எவ்வளவு" என்று கேட்கும். இதைச் செய்யாத பிள்ளை அந்தப் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்காது.

இடைவெளி பற்றிப் பேசும்போது கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்பேன். அவர்களில் பலருக்குப் படகு எஞ்சின் தெரியும். ஓடும் படகின் புரொப்பெல்லர் கல்லில் அடித்தால் அதில் எவ்வளவு முறுக்கம் வரும்? எல்லாவற்றையும் விறைப்பான பொருளாக வைத்து, தண்டை ஒரே படியில் நிறுத்தினால், மென்பொருள் ஒரு பெரிய எண்ணைக் காட்டும். இடைவெளியைப் பத்திலொன்றாக்கினால் அந்த எண் பத்து மடங்காகும். இன்னும் குறைத்தால் இன்னும் கூடும். அதற்கு முடிவே இல்லை, ஏனென்றால் விறைப்பான உலகில் அதற்கு விடையே இல்லை. "அதுக்குத்தானே சேர் றப்பர் வழுக்கும், இல்லாட்டி ஷியர் பின் உடையும்" என்று படகுக்காரப் பிள்ளை சொல்லுவான். புரொப்பெல்லரின் மையத்திலுள்ள றப்பரை ஒரு முறுக்கு வில்லாக மாதிரியில் சேர்த்ததும் எண் ஓரிடத்தில் நிற்கும். தகப்பனுடைய எஞ்சினில் அந்த றப்பர் எதற்கு இருக்கிறது என்பதை அவன் சமன்பாட்டில் பார்ப்பான். இப்படியான அறிவு நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெளியே கொண்டு போகவும் செய்யலாம். தம்பலகாமம் பக்கம் ஓர் அரிசி ஆலையில், அரிசியைக் கூடுதலாக வேகமாகச் சலிக்க வேண்டுமென்று மோட்டாரின் கப்பியை 4 அங்குலத்திலிருந்து 5 அங்குலமாக மாற்றினார்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, மறுபக்கக் கப்பி 12 அங்குலம். ஆகவே சல்லடைத் தண்டு 480 சுற்றிலிருந்து 600 ஆனது, அதாவது 8 ஹேர்ட்ஸிலிருந்து 10. சட்டகம் முழுதும் ஆடத் தொடங்கி, ஆணிகள் கழன்றன. எங்கள் மாணவர்கள் மூவர் போன்களோடு போனார்கள். ஃபைபொக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி, ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது. போனுக்குள் இருக்கும் ஆர்முடுகல் உணரியை அது ஆய்வுக் கருவியாக்கிவிடும். மெஷினை நிறுத்திவிட்டு மரச் சுத்தியலால் சட்டகத்தில் ஒரு தட்டுத் தட்டி அளந்தார்கள். இயற்கை மீடிறன், அதாவது தட்டிவிட்டால் சட்டகம் தானாக ஆடும் வேகம், 10 ஹேர்ட்ஸுக்கு மிகக் கிட்ட. ஓட்டும் வேகமும் அதுவும் ஒன்றானதால் ஆட்டம் பெருகியது: பரிவு. தணிப்பு விகிதம் (ஆட்டம் எவ்வளவு விரைவாக அடங்கும் என்பதன் அளவு) 0.05 என்று வைத்து மாதிரியை ஓட்டினால், 8 இலிருந்து 10 க்குப் போனபோது வீச்சம் ஐந்து மடங்குக்கு மேல் கூடும் என்று வந்தது. சட்டகத்துக்கு எங்கே குறுக்குச் சட்டம் வைத்தால் இயற்கை மீடிறன் மேலே போகும் என்று திரையில் நான்கு விதமாகப் பார்த்துவிட்டு, ஒன்றை வெல்டிங்காரரிடம் சொன்னார்கள். ஆலைக்காரர் அந்த மூவருக்கும் ஆளுக்கு ஐந்து கிலோ சம்பா கொடுத்து அனுப்பினார்.

ஒரு குறிப்பு: சில போன்கள் ஆர்முடுகலைச் செக்கனுக்கு 100 தடவைதான் அளக்கும். அதில் 50 ஹேர்ட்ஸுக்கு மேல் வருவதை நம்பக் கூடாது. சலிக்கும் ஆலைக்குப் போதும், வேகமான மோட்டாருக்குப் போதாது.

இப்போது மென்பொருள். இதை நீட்டத் தேவையில்லை. இணைப்புப் பொறிமுறைகளுக்கு ஜியோஜீப்ரா, எண்முறைக் கணிப்புக்கு விரிதாளும் ஒக்டேவ் என்ற கணிப்பு மென்பொருளும், வரைவதற்கும் தகைப்புக்கும் ஃப்ரீகாட், முழுத் தொகுதியின் இயக்கத்துக்கு ஓப்பன்மொடலிக்கா. எல்லாம் இலவசம், ஒருமுறை இறக்கி நிறுவினால் இணையம் இல்லாமலும் ஓடும், பழைய கணினிகளிலும் ஓடும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு, கொலராடோப் பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் வில், ஊசல் போன்றவை இருக்கின்றன. தொழிற்றுறையில் பயன்படும் சிமுலேஷன் மென்பொருளைச் செய்யும் அன்சிஸ் நிறுவனம் மாணவர் பதிப்பு ஒன்றை இலவசமாகத் தருகிறது. துண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆனால் படிப்புக்குத் தாராளம். கணினிகள் வலுவுள்ளவையென்றால் இறுதி வருடத்தில் அதைக் காட்டுங்கள், வேலைக்குப் போகும் இடத்தில் பெயர் தெரிந்திருப்பது உதவும். பூட்டுடைத்த களவுப் பிரதிகளை வகுப்பில் வைக்க வேண்டாம். வைரஸ் ஒருபக்கம். ஒரு பொறியியலாளரின் முதல் வருடத்திலேயே "சும்மா எடுத்துக்கொள்ளலாம்" என்று நாமே பழக்கிவிடுவது இன்னொரு பக்கம், எனக்கு அது பெரிய விடயம்.

மொழியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், இதை வெளியூர் நிபுணர்கள் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நம் பிள்ளைகள் உயர்தரத்தில், அதிலும் 2013 இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில் வந்தவர்கள், எல்லாவற்றையும் தமிழில் படித்தவர்கள். ஆர்முடுகல், மீடிறன், தகைப்பு, விகாரம் என்றால் அவர்களுக்கு நன்றாக விளங்கும். மென்பொருளின் பட்டியல் முழுக்க ஆங்கிலம். அக்சலரேஷன் என்ற சொல்லைக் கண்டு திகைத்து நிற்கும் பிள்ளை ஆர்முடுகலில் வகுப்பிலேயே முதலாவதாக இருக்கக்கூடும். "இவனுக்கு விளங்கவில்லை" என்று அவசரப்பட்டு முடிவுசெய்யாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் வரும் பதினைந்து இருபது சொற்களை இரண்டு மொழியிலும் பெரிதாக எழுதி கணினி அறைச் சுவரில் ஒட்டினேன். எதிர்வுகூறலைத் தமிழில் எழுத விட்டேன். தமிழில் எழுதும்போது பிள்ளை தான் உண்மையில் நினைப்பதை எழுதுகிறது. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் புத்தகத்திலிருந்து ஒரு வரியை எடுத்து எழுதும், எங்கே பிழையாக நினைக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இறுதி அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

எதிர்வுகூறலை எப்போதும் பேனாவால் எழுத வையுங்கள், கணினியைப் போட முன்னர். வரைபின் வடிவத்தைக் கையால் கீறச் சொல்லுங்கள். எண் வேண்டாம், ஏறுமா இறங்குமா, எங்கே உச்சம் என்றாவது. பிழையான எதிர்வுகூறலுக்குப் புள்ளி குறைக்காதீர்கள். ஒருமுறை குறைத்தால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் முதலில் மென்பொருளை ஓட்டிவிட்டு அதைப் பார்த்து "எதிர்வுகூறல்" எழுதத் தொடங்கிவிடுவார்கள். நான் புள்ளியில் பாதியை, கையால் போட்டதற்கும் திரைக்கும் அளவீட்டுக்கும் இடையில் வந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் விளக்கத்துக்கு வைத்திருக்கிறேன். மூன்றும் அச்சொட்டாகப் பொருந்தி வந்த அறிக்கையைக் கண்டால் அந்தக் குழுவைக் கூப்பிட்டு மீண்டும் அளக்கச் சொல்வேன்.

20 கணினிக்கு எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆளுக்கொன்று இருந்தாலும் மூன்று பேரை ஒன்றில் இருத்துங்கள்: ஒருவர் சுட்டியைப் பிடிக்க, ஒருவர் கொப்பியில் கணக்கைப் பார்க்க, ஒருவர் பொருளை அளக்க. வாராவாரம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கணினி ஏற்கெனவே தெரிந்த பெடியன்தான் ஒவ்வொரு நாளும் சுட்டியைப் பிடித்திருப்பான், வீட்டில் கணினி இல்லாத பிள்ளை தவணை முடியும்வரை பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

திரையில் வராதவையும் உண்டு. பெயாரிங் போகத் தொடங்கும்போது வரும் அந்த முனகல், பெல்ட் எரியும் மணம், ஒரு ஆணி இறுகி வரும்போது ஸ்பானர் வழியே கைக்கு வரும் உணர்வு, கியர் பற்களுக்கிடையில் உள்ள அந்தச் சிறு தளர்வு. மாதிரியில் எல்லாத் துளையும் சரியான அளவில் இருக்கும், எல்லா அச்சும் நேராக இருக்கும். சீனக்குடாவில் பிரீமா மாவு ஆலையிலோ துறைமுகத்துச் சீமெந்து ஆலையிலோ பயிற்சிக்குப் போகும் பிள்ளை முதல் நாள் சந்திக்கப் போவது துருவும் தூசியும் அதிர்வும். ஆகவே நிர்வாகத்திடம் "சிமுலேஷன் இருக்கிறது, லேத் வேண்டாம்" என்ற பேச்சு எழ நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது. மென்பொருளுக்கு ஆதரவாக நீங்கள் எழுதும் அதே கடிதத்தில் ஆய்வுகூடத்துக்கும் கேளுங்கள். வேர்னியர், திணிவுகள், பிடிகள், உருக்கு அடிமட்டங்கள், வில்கள், இவற்றுக்கு ஒரு கணினியின் விலையளவும் போகாது.

தொடங்குவதற்கு: முதல் இரண்டு வாரமும் விரிதாளில் வில்லும் திணிவும். அடுத்த இரண்டு வாரமும் அடிமட்டம். அப்புறம் நான்கு சட்ட இணைப்பு. அந்த வாரத்துக்குக் கால் மெஷின் எங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு மெஷின் இன்னும் நன்றாக ஓடுகிறது. ஏற்றி இறக்க இரண்டு பிள்ளைகளை அனுப்பினால் போதும். மிதிபலகையின் ஆணியில் மட்டும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திருப்பி அனுப்புங்கள்.